கிரேக்க ஆற்றுத் தெய்வங்களும் நீரணங்குகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிரேக்கப் புராணம் என்றதும் ஒலிம்பஸ் மலையும் ஜீயஸின் இடியும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். எனக்கு அந்த மலையைவிடக் கீழே ஓடும் தண்ணீரின் மேல்தான் ஆசை அதிகம். அங்கே ஒவ்வோர் ஆறும் ஒரு தெய்வம், ஒவ்வோர் ஊற்றும் ஒரு பெண். அவர்களில் பெரும்பாலோர் உள்ளூர்த் தெய்வங்கள். பக்கத்து ஊரிலேயே அவர்களின் பெயர் தெரியாது. இந்தக் கதைகளைப் படிக்கத் தொடங்குகிறவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

நீரணங்கு என்பவள் யார்? தேவதையா, தெய்வமா?

கிரேக்கத்தில் 'நிம்ஃப்' என்று சொல்லப்படும் இளம்பெண் தெய்வங்களில் நீரில் குடியிருப்பவர்களையே நீரணங்குகள் என்கிறேன். பழந்தமிழில் 'நீரரமகளிர்' என்று ஓர் அழகான சொல் இருக்கிறது. நாவுக்கு எளிது என்பதால் அணங்கு என்றே எழுதுகிறேன். 'நிம்ஃப்' என்ற கிரேக்கச் சொல்லுக்கு மணப்பெண் என்றும் பொருள் உண்டு.

மூன்று கூட்டங்களை அறிந்துகொண்டால் போதும். ஊற்று, ஓடை, ஏரி போன்ற நன்னீரில் இருப்பவர்கள் நையாடுகள். கடல் முதியவர் நெரியஸின் ஐம்பது மகள்கள் நெரெய்டுகள். உலகைச் சுற்றி ஓடுவதாகக் கருதப்பட்ட பேராறான ஓசியானஸின் மகள்கள் ஓசியானிடுகள். கூட்டம் எதுவானாலும் இவர்கள் ஒலிம்பஸில் வீற்றிருக்கும் பெருந்தெய்வங்கள் அல்லர். தண்ணீர் எங்கே இருக்கிறதோ அங்கேயே இருப்பார்கள்.

ஆற்றுத் தெய்வங்கள் மொத்தம் எத்தனை பேர்?

ஹெசியோட் என்ற பழங்கவிஞரின் கணக்குப்படி மூவாயிரம். ஓசியானஸுக்கும் அவன் மனைவி தேத்திஸுக்கும் மூவாயிரம் மகள்கள், அதே அளவில் ஆறுகளாகிய மகன்கள். இருபத்தைந்து ஆறுகளைப் பெயர் சொல்லி வரிசைப்படுத்துகிறார். எகிப்தின் நைல் அதில் இருக்கிறது. இஸ்டர் என்ற பெயரில் டான்யூப் இருக்கிறது. டிராய் நகரத்துச் சிற்றாறுகளும் இருக்கின்றன. பிறகு நிறுத்திவிட்டு, எல்லாப் பெயர்களையும் சொல்வது மனிதனால் ஆகாது, ஆனால் அந்தந்த ஆற்றங்கரையில் வாழ்கிறவர்களுக்கு அந்தந்தப் பெயர் தெரியும் என்கிறார்.

இந்தப் பக்கத்தில் நான் சொல்ல வருவதெல்லாம் அந்த ஒரு வரிக்குள் அடங்கிவிடும். மூவாயிரம் பேரையும் எவரும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. தான் குடிக்கும் தண்ணீரின் பெயரைத் தெரிந்துகொண்டால் போதும் என்பதுதான் அந்த மக்களின் எண்ணம்.

ஆறுகள் ஏன் ஆண்களாக இருக்கிறார்கள்?

ஆற்றைத் தாய் என்று அழைத்தே பழகிய நமக்கு இது முதலில் இடறத்தான் செய்யும். கிரேக்க மொழியில் ஆறு ஆண்பால் சொல், ஊற்று பெண்பால் சொல். கதைகளும் அந்த வழியிலேயே போகின்றன. வெள்ளம் வந்தால் காளையைப் போல உறுமிக்கொண்டு கரையை உடைப்பவன் ஆறு. ஒரு நாட்டின் முதல் அரசனாக, குலத்தின் மூதாதையாக நிற்பவனும் அவனே. பாறை இடுக்கிலிருந்து சுரந்து, ஊர்க் குழந்தைகளை வளர்ப்பவள் ஊற்று. ஒரு பெரிய விதிவிலக்கு ஸ்டிக்ஸ். அவள் ஆறாக இருந்தும் பெண். அவளைப் பற்றிப் பின்னால் வருகிறது.

ஆற்றுத் தெய்வம் பார்க்க எப்படி இருப்பான்?

மனித முகமும் காளை உடலும் கொண்டவனாகச் சிசிலித் தீவின் ஜேலா நகர நாணயங்களில் இருக்கிறான். பிற்காலச் சிற்பங்களில், தாடி வைத்த மனிதன் ஒருக்களித்துச் சாய்ந்திருப்பான், கைக்கு அருகே நீர் வழியும் குடம் இருக்கும்.

இவை எல்லாவற்றையும்விட நெஞ்சில் நிற்கும் வருணனை கிரேக்க நாடகாசிரியர் சோஃபோக்ளிஸின் ஒரு நாடகத்தில் இருக்கிறது. கேலிடான் நாட்டு இளவரசி டெயானிராவைப் பெண் கேட்டு வந்தவன் மனிதன் அல்லன், ஆக்கெலூஸ் ஆறு. அவன் மூன்று உருவங்களில் வந்தான் என்று அவளே சொல்கிறாள். ஒருமுறை முழுக் காளையாக, ஒருமுறை நெளியும் பாம்பாக, ஒருமுறை காளை முகம் கொண்ட மனிதனாக. அடர்ந்த தாடியிலிருந்து ஊற்று நீர் ஒழுகிக்கொண்டிருந்ததாம். இவனுக்கு வாழ்க்கைப்படுவதற்கு முன் செத்துவிட வேண்டும் என்று அவள் வேண்டிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் மாவீரன் ஹெராக்கிளிஸ் வந்து ஆற்றோடு மல்லுக்கட்டினான். ஆறு பாம்பாகி நழுவியது, காளையாகி முட்டியது. ஹெராக்கிளிஸ் அதன் கொம்பு ஒன்றை ஒடித்துவிட்டான். அந்தக் கொம்பைப் பழங்களாலும் பூக்களாலும் நையாடுகள் நிரப்பினார்கள், அதுவே குறையாத வளம் தரும் கொம்பு ஆனது என்று ரோமானியக் கவிஞர் ஓவிட் எழுதுகிறார். அவர் பாட்டில் இதை விருந்தினருக்குச் சொல்பவனே தோற்றுப்போன ஆக்கெலூஸ்தான். ஒடிந்த கொம்பு தெரியாமல் இருக்கத் தலையில் இலைகளையும் நாணலையும் சூடிக்கொள்கிறான். ஒரு தெய்வம் வெட்கப்படுவதை இவ்வளவு பரிவோடு வேறு எங்கும் நான் படித்ததில்லை.

இந்தக் கதைக்கு இன்னொரு வாசிப்பும் உண்டு. ஆக்கெலூஸ் மேற்குக் கிரேக்கத்தில் ஏறத்தாழ 220 கிலோமீட்டர் ஓடும் உண்மையான ஆறு. இரண்டு நாடுகளுக்கு எல்லையாக ஓடிய அது வண்டல் கொட்டி, தடம் மாறி, எல்லைக் கற்களை அழித்துவிடும். உடனே சண்டை மூளும். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த புவியியலாளர் ஸ்ட்ராபோ தம் காலத்தவர் சொன்ன விளக்கத்தைத் தருகிறார்: வளைந்து ஓடியதால் பாம்பு, இரைந்ததால் காளை. ஹெராக்கிளிஸ் அணை கட்டி வாய்க்கால் வெட்டி ஆற்றை அடக்கினான், நீர் வடிந்து கிடைத்த நல்ல நிலமே அந்த வளக் கொம்பு. விளக்கம் கெட்டிக்காரத்தனமானதுதான். ஆனால் வெள்ளத்தில் வயலை இழந்தவனுக்கு ஆறு உண்மையிலேயே முட்டித் தள்ளும் காளைதான் என்பதை இந்த விளக்கம் நீக்கிவிடவில்லை.

ஓர் ஆறு மனிதனோடு போர் செய்ததாமே?

ஆம். டிராய்ப் போரைப் பற்றி ஹோமர் பாடிய இலியட் காவியத்தின் இருபத்தொன்றாம் காண்டம். இந்தப் பக்கத்தைப் படிப்பவர்கள் ஒரே ஒரு கதையைத்தான் படிக்க நேரம் உண்டு என்றால், இதைப் படிக்கச் சொல்வேன்.

டிராய்ச் சமவெளியில் ஓடும் ஆறு ஸ்கமாண்டர். மனிதர்கள் வைத்த பெயர் அது. தெய்வங்கள் அவனை ஸாந்தஸ் என்று அழைப்பார்கள். டிராய் மக்கள் அவனுக்குக் காளைகளைப் பலி கொடுத்தார்கள், குதிரைகளை உயிரோடு சுழலில் இறக்கினார்கள். டிராயின் தலைமகன் ஹெக்டர் தன் குழந்தைக்கு ஸ்கமாண்டிரியஸ் என்று ஆற்றின் பெயரையே வைத்திருந்தான்.

நண்பனை இழந்த வெறியில், டிராயை எதிர்த்து வந்த கிரேக்கப் படையின் மாவீரன் அக்கிலீஸ் டிராய் வீரர்களை ஆற்றுக்குள் விரட்டி வெட்டுகிறான். உங்கள் ஆறு உங்களைக் காப்பாற்றாது என்று ஏளனமும் செய்கிறான். ஆறு மனித உருவெடுத்து, சுழலின் ஆழத்திலிருந்து பேசுகிறது. தன் நீரெல்லாம் பிணமாகிவிட்டது, கடலுக்குள் போக வழி இல்லை, கொல்வதென்றால் வெளியே சமவெளியில் கொல் என்கிறது. கொல்லாதே என்றுகூடக் கேட்கவில்லை. தன் நீர் போக வழிவிடு என்றுதான் கேட்கிறது. அக்கிலீஸ் சரி என்று சொல்லிவிட்டு மறுபடியும் உள்ளே பாய்கிறான்.

அதன் பிறகு ஆறு எழுகிறது. பிணங்களைக் காளை போல முழங்கிக் கரையில் வீசுகிறது. உயிரோடிருப்பவர்களைத் தன் சுழல்களுக்குள் மறைத்துக் காக்கிறது. அக்கிலீஸ் ஒரு மரத்தைப் பற்றுகிறான், மரம் வேரோடு சாய்ந்து ஆற்றின் குறுக்கே பாலமாகக் கிடக்கிறது. அவன் ஓடுகிறான், ஆறு கரையை விட்டிறங்கித் துரத்துகிறது. இந்த இடத்தில் ஹோமர் சொல்லும் உவமையைப் பாருங்கள். தோட்டக்காரன் ஒருவன் ஊற்றிலிருந்து செடிகளுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறான். கையில் மண்வெட்டி. வாய்க்காலில் அடைத்திருப்பதை எடுத்துவிடுகிறான். தண்ணீர் கூழாங்கற்களை உருட்டிக்கொண்டு சரிவில் சலசலத்து ஓடி, வழிகாட்டிய அவனையே முந்திவிடுகிறது. மடை திறந்துவிட்ட அனுபவம் உள்ளவர்களுக்கு அந்தக் காட்சி உடனே கண்முன் வரும். உலகின் மிகப் பெரிய வீரனை ஒரு வெள்ளம் எட்டிப்பிடிப்பதைச் சொல்ல, அவர் தோட்டத்து வாய்க்காலுக்குப் போகிறார்.

மழைக்கால ஓடையைக் கடக்கப்போய் அடித்துச் செல்லப்படும் பன்றி மேய்க்கும் சிறுவனைப் போலச் சாகப்போகிறேனே என்று அக்கிலீஸ் கதறுகிறான். ஸ்கமாண்டர் தன் தம்பி ஆறான சிமோயிஸையும் துணைக்குக் கூப்பிடுகிறான். கடைசியில் ஜீயஸின் மனைவி ஹீரா தன் மகனான தீக்கடவுள் ஹெபஸ்டஸை ஏவுகிறாள். கரையோர மரங்களும் நாணலும் கோரையும் எரிகின்றன. விலாங்கு மீன்கள் துடிக்கின்றன. ஆறே கொப்பரை போலக் கொதிக்கிறது. இனி டிராய்க்கு உதவ மாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டு அடங்குகிறது. தன் மக்களுக்காக நின்று போராடிய ஒரு காவல் தெய்வத்தின் தோல்வியாகத்தான் எனக்கு அது படுகிறது. படிக்கும்போதெல்லாம் என் மனம் ஆற்றின் பக்கமே போகிறது.

ஆல்ஃபியஸ், அரேதூசா கதை என்ன?

ஒலிம்பியாவை ஒட்டி ஓடும் ஆறு ஆல்ஃபியஸ். வெயிலில் களைத்து அதில் குளித்த அரேதூசா என்ற அணங்கை அவன் விரும்பித் துரத்தினான். ஓட முடியாமல் அவள் வேட்டைத் தெய்வமான ஆர்ட்டெமிஸை அழைத்தாள். தெய்வம் அவளை மேகத்தால் மூடியது. பயத்தில் குளிர்ந்த வியர்வை வழிந்து, வழிந்து, அவளே தண்ணீராகிவிட்டாள். ஆல்ஃபியஸ் உடனே மனித உருவத்தைக் களைந்து தண்ணீராகி அவளோடு கலக்கப் பார்த்தான். ஆர்ட்டெமிஸ் நிலத்தைப் பிளந்தாள். அரேதூசா பூமிக்கடியில் ஓடி, கடலைத் தாண்டி, சிசிலியின் சிரகூஸ் நகரத்தில் ஓர்ட்டிஜியா தீவில் ஊற்றாக எழுந்தாள்.

ஆல்ஃபியஸும் கடலுக்கடியில் அங்கே போய்ச் சேர்ந்தான் என்று பலர் நம்பினார்கள். ஒலிம்பியாவில் ஆற்றில் விழுந்த கிண்ணம் சிரகூஸ் ஊற்றில் கிடைத்தது, அங்கே காளை பலி கொடுத்தால் இங்கே நீர் கலங்கும் என்றெல்லாம் சொன்னார்கள். ஸ்ட்ராபோ இதை மறுத்து நீளமாக வாதாடுகிறார். ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரம் கண்ணுக்கே தெரிகிறதே என்பது அவர் கேள்வி. அறிவுக்கு அவர் சொல்வதே சரி. ஆனால் சிரகூஸ், கி.மு. எட்டாம் நூற்றாண்டில் தாய்நாட்டைவிட்டுக் கடல் கடந்து போன கொரிந்து மக்கள் அமைத்த ஊர். ஊர்க் கிணற்றில் தாய்நாட்டு ஆற்றுத் தண்ணீர் வருகிறது என்ற நம்பிக்கை அவர்களுக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும்! தங்கள் வெள்ளி நாணயத்தில் அரேதூசாவின் முகத்தைப் பொறித்து, சுற்றிலும் டால்பின்களை நீந்தவிட்டார்கள். கடல் சூழ்ந்த நன்னீர் என்பதை அதைவிடச் சுருக்கமாகக் காட்ட முடியாது.

பெண்ணைத் துரத்தும் கதைகள்தானா எல்லாம்?

நிறைய உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. பெனியஸ் ஆற்றின் மகள் டாப்னி அப்போலோ தெய்வத்திடமிருந்து தப்ப மரமானாள். இனாக்கஸ் ஆற்றின் மகள் ஐயோ பசுவாக்கப்பட்டாள். அந்தப் பெண்களின் அச்சத்தை ஓவிட் உணர்ந்தே எழுதியிருக்கிறார். காதல் கதைகள் என்று இவற்றைச் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

ஒரே அணங்கைப் பற்றி இரண்டு ஊர்கள் இரண்டு விதமாகப் பேசியதும் உண்டு. இன்றைய துருக்கியின் போட்ரூம் நகரத்தில் இருந்த ஊற்று சல்மாசிஸ். ஹெர்மாஃப்ரோடிட்டஸ் என்ற இளைஞனை அவளே வலுக்கட்டாயமாகப் பற்றிக்கொண்டாள் என்பது ஓவிட் சொல்வது. 1995-ஆம் ஆண்டு அந்த ஊரிலேயே ஒரு கல்வெட்டுக் கிடைத்தது. அதில் அவள் ஹெர்மாஃப்ரோடிட்டஸைக் குழந்தையிலிருந்து அன்போடு வளர்த்தவள், ஊருக்கே பெருமை தேடித் தந்தவள். தங்கள் ஊற்றைப் பற்றி அந்த ஊர்க்காரர்கள் சொல்வதைத்தான் நான் நம்ப விரும்புகிறேன்.

வறண்டு கிடக்கும் ஆற்றுக்கும் கதை உண்டா?

உண்டு. ஆர்கோஸ் நாடு யாருக்கு என்று ஹீராவும் கடல் தெய்வம் பொசைடனும் போட்டியிட்டபோது, இனாக்கஸ், கெஃபிசஸ், அஸ்டெரியன் என்ற மூன்று உள்ளூர் ஆறுகளே நடுவர்களாக இருந்து ஹீராவுக்குத் தீர்ப்பளித்தார்கள். கோபம் கொண்ட பொசைடன் அவர்களின் தண்ணீரைப் பறித்துவிட்டான். அதனால்தான் மழை பெய்தாலொழிய அந்த ஆறுகளில் நீர் இல்லை, லெர்னா ஊற்றுகள் மட்டுமே கோடையில் வற்றுவதில்லை என்று கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் அங்கே பயணம் செய்த பவுசானியஸ் எழுதுகிறார். ஹோமரும் ஆர்கோஸைத் தாகம் மிகுந்த நாடு என்கிறார். நியாயமாகத் தீர்ப்புச் சொன்னதற்காகத் தண்ணீரை இழந்த ஆறுகள் என்று மணல் படுகையைக் காட்டிப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, வறட்சியிலும் ஊருக்கு ஒரு தலைநிமிர்வு இருந்திருக்கும்.

நீரணங்குகள் ஆபத்தானவர்களா?

சில நேரம். ஹெராக்கிளிஸின் தோழன் ஹைலஸ், அவர்கள் பயணம் செய்த ஆர்கோ கப்பல் மர்மராக் கடற்கரையில் ஒதுங்கியபோது வெண்கலக் குடத்தோடு தண்ணீர் மொள்ளப் போனான். நிலா வெளிச்சம். குனிந்து குடத்தை அமிழ்த்துகிறான், வெண்கலத்துக்குள் நீர் களகளவென்று இறங்குகிறது. ஊற்றில் இருந்தவள் இடக்கையை அவன் கழுத்தில் போட்டு, வலக்கையால் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டாள். ஹெராக்கிளிஸ் காடு முழுக்கத் தேடினான், கப்பல் அவனை விட்டுவிட்டே போய்விட்டது. பல நூற்றாண்டுகளுக்குப் பிறகும் அந்த ஊர் மக்கள் ஆண்டுதோறும் விழா எடுத்து, மலையேறி ஹைலஸ், ஹைலஸ் என்று கூவித் தேடினார்கள்.

அணங்கு பிடித்தல் என்ற நிலையும் உண்டு. ஏதென்ஸுக்கு அருகே வாரி என்ற இடத்துக் குகையில், தேரா தீவைச் சேர்ந்த ஆர்க்கிடமஸ் என்பவர், அணங்குகளால் ஆட்கொள்ளப்பட்டவர் என்று தம்மைக் கல்லிலேயே எழுதிவைத்திருக்கிறார். அவர்கள் சொற்படியே அந்தக் குகையைக் குடைந்து அமைத்ததாகவும், தோட்டம் வைத்ததாகவும் சொல்கிறார். கையில் கருவிகளோடு தம் உருவத்தையும் பாறையில் செதுக்கியிருக்கிறார். இது கி.மு. ஐந்தாம் நூற்றாண்டின் இறுதிக்காலம்.

இவர்கள் சாவில்லாதவர்களா?

முழுக்க அப்படி இல்லை. பழைய கணக்கு ஒன்று உண்டு. காகத்துக்கு ஒன்பது மனிதத் தலைமுறை ஆயுள், மானுக்கு நான்கு காகங்களின் ஆயுள், அண்டங்காக்கைக்கு மூன்று மான்களின் ஆயுள், பீனிக்ஸ் பறவைக்கு ஒன்பது அண்டங்காக்கைகளின் ஆயுள், அணங்குக்குப் பத்து பீனிக்ஸ்களின் ஆயுள். பெருக்கினால் 9,720 தலைமுறை.

ஸ்டிக்ஸ் செத்தவர்கள் கடக்கும் ஆறுதானே?

அது மட்டுமல்ல. ஓசியானஸின் மகள்களில் தலைமையானவள் அவள். தெய்வங்கள் அவள் நீரைச் சாட்சி வைத்துத்தான் சத்தியம் செய்வார்கள். பொய்ச் சத்தியம் செய்த தெய்வம் ஓராண்டு மூச்சில்லாமல் கிடக்கும், பிறகு ஒன்பது ஆண்டுகள் அவைக்கும் விருந்துக்கும் வர முடியாது. ஆர்கேடியா மலைகளில் உயர்ந்த பாறையிலிருந்து விழும் ஓர் அருவியை அவள் என்று காட்டினார்கள்.

சாதாரண மக்கள் எப்படி வழிபட்டார்கள்?

ஆற்றைக் கடக்கும் முன் கையைக் கழுவி, நீரைப் பார்த்தபடி வேண்டிக்கொள் என்கிறார் ஹெசியோட். ஊற்றிலும் ஆற்று முகத்துவாரத்திலும் சிறுநீர் கழிக்காதே என்றும் சொல்கிறார். ஏதென்ஸில் மணப்பெண்ணின் நீராட்டுக்குக் கல்லிரோயி ஊற்றிலிருந்து தண்ணீர் எடுத்துவந்தார்கள். சமிகான் என்ற ஊரில் தோல் நோயாளிகள் அணங்குகளின் குகையில் வேண்டிக்கொண்டு, உடலைத் துடைத்துவிட்டு, ஆற்றை நீந்திக் கடந்தால் நோய் ஆற்றோடு போகும் என்று நம்பினார்கள்.

முடி காணிக்கையும் உண்டு. மகன் போரிலிருந்து திரும்பினால் அவன் முடியையும் ஐம்பது ஆட்டுக்கடாக்களையும் தருவதாக அக்கிலீஸின் தந்தை ஸ்பெர்க்கியஸ் என்ற தம் ஊர் ஆற்றுக்கு நேர்ந்திருந்தார். திரும்பப் போவதில்லை என்று தெரிந்த அக்கிலீஸ், அந்த முடியை அறுத்து, இறந்த நண்பன் பட்ரோக்ளஸின் கையில் வைக்கிறான்.

என்னை மிகவும் உருக்கியது, ஏதென்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஒரு புடைப்புச் சிற்பம். கி.மு. 400-ஐ ஒட்டி, ஸெனோக்ரத்தேயா என்ற பெண் ஏதென்ஸின் கெஃபிசஸ் ஆற்றுக்கு (ஆர்கோஸின் கெஃபிசஸ் வேறு) கொடுத்த காணிக்கை. தெய்வங்கள் கூட்டமாக நிற்க, நடுவே அவளும் அவளுடைய சிறு மகனும். பிள்ளை ஆற்றுத் தெய்வத்தை நோக்கிக் கையை நீட்டுகிறான். பிள்ளையின் கல்விக்காக இதைக் கொடுத்தேன் என்று எழுதியிருக்கிறாள்.

ஆற்றின் மேல் வழக்குப் போட்டார்களாமே?

ஸ்ட்ராபோ அப்படித்தான் எழுதுகிறார். இன்றைய துருக்கியில் ஓடும் மியாண்டர் ஆறு வளைந்து வளைந்து கரையை அரித்து நிலத்தை எடுத்துக்கொள்ளும். நிலத்தை இழந்தவர்கள் ஆற்றின் மேல் வழக்குத் தொடுப்பார்கள். ஆறு தோற்றால், பரிசல் துறையில் வசூலாகும் கட்டணத்திலிருந்து அபராதம் செலுத்தப்படும்.

இந்த நீர்நிலைகளை இன்றும் பார்க்க முடியுமா?

பலவற்றைப் பார்க்கலாம். ஆக்கெலூஸின் குறுக்கே இப்போது பெரிய மின் அணைகள் நிற்கின்றன. ஸ்கமாண்டர் துருக்கியில் கராமெண்டெரஸ் என்ற பெயரில் ஓடுகிறது. சிரகூஸில் அரேதூசா ஊற்று கடலுக்குச் சில அடி தூரத்தில் இருக்கிறது, நடுவில் பாப்பிரஸ் கோரை வளர்ந்து நிற்கிறது. கிரேக்கக் கிராமத்து நாட்டுப்புறக் கதைகளில் அணங்குகள் 'நெராய்டா' என்ற பெயரோடு இருக்கிறார்கள். அவளுடைய தலைத்துணியைத் திருடி வைத்துக்கொண்டால் அவள் மனைவியாக வீட்டில் இருப்பாள், துணி கிடைத்ததும் போய்விடுவாள் என்பார்கள்.

பெயர் தெரியாத ஆற்றை எப்படி அழைப்பார்கள்?

இதற்குப் பதில் ஹோமரின் இன்னொரு காவியமான ஒடிஸியின் ஐந்தாம் காண்டத்தில் இருக்கிறது. தெப்பம் உடைந்து இரண்டு இரவும் இரண்டு பகலும் கடலில் கிடந்த காவிய நாயகன் ஒடிசியஸ், கரை ஏற இடம் இல்லாமல் பாறைகளை ஒட்டி நீந்துகிறான். கை தோல் பாறையில் உரிந்துவிட்டது. அப்போது ஓர் இடத்தில் நீரோட்டம் மாறுவதை உணர்கிறான். ஏதோ ஓர் ஆற்றின் வாய். எந்த நாடு என்று தெரியாது, எந்த ஆறு என்றும் தெரியாது. நீ யாராக இருந்தாலும் கேள், அரசே, உன்னிடம் அடைக்கலம் என்று வந்திருக்கிறேன், இரங்கு என்று மனத்துக்குள் வேண்டுகிறான். ஆறு தன் ஓட்டத்தை நிறுத்துகிறது. அலையை அடக்கி, அவனுக்கு முன்னே நீரை அமைதியாக்கி, தன் வாய்க்குள் ஏற்றுக்கொள்கிறது. உடம்பெல்லாம் வீங்கி, வாயிலும் மூக்கிலும் கடல்நீர் வழிய அவன் கரையேறுகிறான், நாணலுக்கு நடுவே விழுந்து மண்ணை முத்தமிடுகிறான். அந்த ஆற்றின் பெயரை ஹோமர் கடைசிவரை சொல்லவில்லை.